மந்தாரத்தில் கூப்பிட்ட பெயர்

போடியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, மேற்கே மலையைப் பார்த்து அம்மா "மந்தாரமா இருக்கு" என்று சொன்னால் அன்றைய வேலையெல்லாம் மாறிவிடும். காயப்போட்ட வற்றல் உள்ளே வரும். யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் அவளுக்கு அது மந்தாரம்தான். நான் பாதி நாள் அப்படித்தான் இருந்தேனாம். ஆனால் ஏலமலைப் பாதையில் மந்தாரம் என்பது வானத்துச் சங்கதி அல்ல. இறங்கி வந்து ஆளையே மூடிவிடும். அப்போது முன்னால் போகிறவர்கள் "மந்தாரோ" என்று குரல் கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளில் ஓர் ஐப்பசி. ஏலத்தோட்டத்திலிருந்து நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து இறங்கினோம். காய்மூட்டையைச் சுமந்தபடி அப்பா முன்னால் போனார்; நானும் அம்மாவும் பின்னால். முதல்நாள் மழையில் ஒரு வளைவு இடிந்து, பாதை அந்தரத்தில் முடிந்திருந்தது. அதற்கு முன்பே ஒரு பாறையோரமாக மேலேறிச் சுற்றிப்போக வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். மந்தாரம் மூடியதில் அப்பா அந்தப் பாறையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார்.

அம்மாவின் கை பாறையைத் தொட்டபோது மேலேயிருந்து கேட்க வேண்டிய அவருடைய "மந்தாரோ" கீழேயிருந்து வந்தது. அம்மா பதறி, "இந்தாங்க, நில்லுங்க" என்று கத்தினாள். அந்தக் கூட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் புருஷன் "இந்தாங்க"தான். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் நடந்துகொண்டே இருந்தார். ஒரு கல் உருண்டது. விழுந்த சத்தம் வரவில்லை.

புருஷன் பெயர் என்பதற்காக, அதே பெயருள்ள சாமியைக்கூட "மலைமேல இருக்குற சாமி" என்று சொல்பவள் அம்மா. அவள் என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாக் குரலும் அடங்கிப்போனது.

"யாரு?" என்றார் அப்பா.

"நாந்தேன். அங்கனயே நில்லுங்க. ஒரு எட்டு வைக்காதீக."

ஆண்கள் கயிறு போட்டு அவரை மேலே கொண்டுவந்தார்கள். அவர் அம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு மலை மூடும்போதெல்லாம் அப்பா, "மந்தாரமா இருக்கு, ஒருதடவ கூப்பிடேன்" என்று சீண்டுவார். "சோலியப் பாருங்க" என்பாள்.

இன்று என் மகள், உப்பு எடுத்துத் தரச் சொல்லிக்கூடப் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். எனக்கு ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப்போடுகிறது. மேற்கே மலை மூடியிருக்கிறது. அப்பாவை எடுத்த அன்றும் இதே மந்தாரம். பாடை தெருமுனையை நெருங்கியபோது, வாசலில் நின்ற அம்மா அதே குரலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

தூக்கிப்போனவர்கள்தான் நின்றார்கள்.