பூங்கனி கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயர்

கணக்கெடுக்க வந்த ஆசிரியர் எழுதிக்கொண்டு போனது இது: ‘பூங்கனி, வயது நாற்பத்தெட்டு, வேலை செய்யாதவர், கணவரைச் சார்ந்திருப்பவர்.’ அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பூங்கனியின் கையில் சால்டரிங் அயன் புகைந்துகொண்டிருந்தது. கருங்கல் வட்டாரத்துச் சபைகளில் மைக்செட் மூச்சுவிட மறுத்தால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவள் சார்ந்திருந்த கணவர் யோவான் கத்தாரில் ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்தால் மிக்சி ஓடவில்லை என்று இவளைத்தான் கூப்பிடுவார்.

தம்பி பெனிஷ் சபையில் கித்தார் வாசிப்பவன். வால்வு சூடேறினால்தான் கம்பியின் குரல் தடிக்கும் என்பது அவன் விசுவாசம். சபையின் விசுவாசப்பிரமாணத்தில் அது இல்லை. அறுப்பின் பண்டிகைக்குள் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றான். தக்கலையில் உடைந்த சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் பழைய வால்வு ரேடியோ ஒன்று கிடைத்தது. அதையே ஆம்ப்ளிஃபயராக மாற்றத் தொடங்கினாள். அந்த வகை ரேடியோவில் சுவரிலிருந்து வரும் கரண்ட் நேராக உள்ளிருக்கும் தகட்டில் ஏறும். மரப்பெட்டி மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை. கித்தார் கம்பியோ அந்தத் தகட்டோடுதான் இணையும். ஆகவே கரண்டைப் பிரித்துவிட ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பரணில் கிடந்த ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரைப் பிரித்து அதிலிருந்ததை எடுத்து வைத்தாள். வீட்டில் தகட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், எரியவில்லை. பெனிஷ் ரப்பர் செருப்போடு நின்று ஒரு மணி நேரம் வாசித்தான்.

பண்டிகை அன்று காலையிலிருந்து மழை. செருப்புகள் கோயில் வாசலில் குவிந்தன. பீடத்தின் முன்னால் வாழைக்குலை, பலாப்பழம், ஏலத்துக்கு வந்த ஒரு சேவல். மைக்செட் சிவபிரசாத் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தான்.

“அக்கா, இது ஆம்ப்ளிஃபயரா, கோழிக்கூடா?”

“உனக்க பெட்டிக்குள்ளதான் கரப்பான் முட்டை விட்டிருக்கு. பிளக்கை மாட்டுல.”

மாட்டினான். பெனிஷ் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்து குனிந்தான்.

“கம்பியில எறும்பு கடிக்கது போல இருக்குக்கா.”

“எங்கலே?”

“விரல்ல. ஒண்ணுமில்ல, சாரமில்ல, சந்தோசத்துல இருக்கும்.”

அவள் வாய் திறப்பதற்குள் அவன் மைக்கின் முன்னால் போய் நின்றுவிட்டான். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். பூங்கனி தம்பியின் காலைப் பார்த்தாள். ஈரமான வெறுங்கால்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் கூட்டும், குறைக்கும், பிரிக்காது. ஒரு வயர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராகவே போகும். இதை அவளே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வீட்டில் இரட்டைப் பின் பிளக் தற்செயலாகச் சரியாக மாட்டியிருந்தது. இங்கே சிவபிரசாத் திருப்பி மாட்டிவிட்டான், கம்பியில் கரண்ட் ஏறிவிட்டது. இனி பாட்டின் முதல் வரியில் பெனிஷின் உதடு மைக்கில் படும், கம்பியின் கரண்ட் அவன் உடம்பு வழியாக மைக்கில் இறங்கும். அந்த மைக்குக்கு எர்த் ஒழுங்காகக் கொடுத்திருந்தான் சிவபிரசாத். வாழ்க்கையில் அவன் சரியாகச் செய்த ஒரே வேலை, ஆளைக் கொல்லக் காத்திருந்தது.

பெனிஷைக் கூப்பிட்டால், “என்னக்கா?” என்று மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புவான். பிளக்கோ ஆண்கள் பக்கம், வாழைக்குலைகளுக்குப் பின்னால். அவள் எழுந்தாள். போதகரின் ஜெபம் நீளத்துக்குப் பேர்போனது. அது சுருங்க வேண்டும் என்று வருஷக்கணக்காக வேண்டிக்கொண்டவள், இன்று நீளட்டும் என்று வேண்டினாள். அவரோ மழையை நினைத்து, “கடைசியாக, ஆண்டவரே” என்று வந்துவிட்டார்.

பீடத்தின் குறுக்கே நடந்தாள். சேவல் கத்தியது. சில கண்கள் திறந்தன. பெனிஷ் மூச்சை இழுத்து மைக்கை நோக்கிக் குனிந்தான்.

“அக்கா, இது ஆம்பிளைய பக்கம்லா,” என்று கிசுகிசுத்தான் சிவபிரசாத், மழைச்சாரல் அடிக்காமல் பிளக்கின் மேல் குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு.

“குடையை எடுல.”

“ஆஃப் பண்ணுனா பாட்டு கெட்டுப்போவும்!”

“ஆள் செத்துப்போவான்.”

“ஆமென்” என்றது சபை. பூங்கனி குடையைத் தள்ளிவிட்டு, பெனிஷின் உதடு மைக்கில் படுமுன், தான் கட்டிய ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை எல்லாரும் பார்க்கப் பிடுங்கி எறிந்தாள். “நான் கட்டுனது தப்பு, ஐயரே” என்று போதகரைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.