இல்லாத புரதத்தின் கோடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்றுதான் பெயர். எந்த ஆன்டிபாடியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள். இலையை அரைத்துப் பிழிந்தால் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து வரும். அந்தக் கூட்டத்தில் நாம் தேடும் ஒன்றை மட்டும் பிடித்து ஒட்டிக்கொள்வது ஆன்டிபாடியின் வேலை. ஒட்டிய இடம் படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

தண்ணீர் காட்டாமல் வாடவிட்ட செடியில் அவள் தேடிய புரதம் பெருகியிருந்தது. கோடு மை தீட்டியதுபோல் இருந்தது. வருடக்கணக்கான உழைப்பு. கட்டுரையை அன்றே அனுப்பிவிடலாம் என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கும்மா?"

"புண்ணு நம்ம கையிலதான் இருக்கான்னு பாத்துடறேன் சார்."

அந்தப் புரதத்தையே உண்டாக்க முடியாத செடி ஒன்றைத் தனியாக வளர்த்து வைத்திருந்தாள். அதன் சாற்றில் கோடு விழக் கூடாது. விழுந்தது. அதே உயரத்தில், கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டீங்களே அக்கா."

"நான் வேட்டி கட்டலையே தம்பி."

தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. "புதுசா ஆன்டிபாடி செய்யணும்னா இன்னும் ஒரு வருஷம் போயிடும். அதுக்குள்ள வேற யாராவது முந்திக்குவாங்க."

"புதுசு வேண்டாம் சார். இதையே சலிச்சுக்கலாம்."

ஆன்டிபாடி என்று அவர்கள் சொன்னது முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு திரவம்; அதில் பலவகை ஆன்டிபாடிகள் உண்டு. சில சரியான ஆளைப் பிடிக்கும். சில, முகச்சாயல் கொண்ட பங்காளியைப் பிடித்துவிட்டு அவனே இவன் என்று சாதிக்கும். புரதமில்லாத அந்தச் செடியை உலர்த்திப் பொடியாக்கி, திரவத்தில் கலந்து ஊறவிட்டாள். பொய்ச் சாட்சிகள் எல்லாம் பொடியில் ஒட்டிக்கொண்டன. சுழற்றியதும் பொடி அடியில் படிந்தது. மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, சோதனையை முதலிலிருந்து செய்தாள்.

புரதமில்லாத செடிக்கு எதிரே வெறும் வெள்ளை. தண்ணீர் குடித்த செடியில் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு ஒரு நிழல். வாடிய செடியில் கோடு.

"ரொம்ப மெலிஞ்சிடுச்சேம்மா" என்றார் தலைவர்.

"மெலிஞ்சாலும் இதுதான் சார் நம்ம வீட்டுப் பிள்ளை. அப்போ பாத்ததுல பாதி பங்காளி சதை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "சரி, அனுப்பிடலாம்."

"அனுப்புங்க சார். முதல்ல விழுந்த அந்தக் குண்டுக் கோடு படத்தையும் சேத்தே அனுப்புங்க, எங்க ஏமாந்தோம்னு படிக்கிறவங்களும் பாக்கட்டும்" என்றபடி அவள் கையுறையை உருவினாள்.