அழைப்பு மணிக்கு மூன்று கட்டை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் அபூர்வமான அமைதி. வெளியே சாரல். முன்னறையில் நான். மேஜை மேல் காபி. பக்கத்தில் அழைப்பு மணி… வெகுநேரமாக அது அடிக்கவே இல்லை.

ஆஹா, இன்றைக்காவது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து எழுதி முடிக்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

விஷயம் தெரியாதவர்களுக்காக — என் மனைவி பார்வதிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குத்துக்கல்வலசையில் ரயில்பெட்டி மாதிரி நீளவாக்கில் கட்டிய வீடு எங்களுடையது. அவள் கட்டில் கடைசி அறையில். வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும். அதுவும் பக்கத்தில் ஆள் இல்லாமல் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். பக்கத்து ஆள் என்றால் நான் ஒருவன்தான்.

எனக்கோ காது கொஞ்சம் மந்தம். பின்பக்கத் தகரக் கூரையில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் வயர் இல்லாத அழைப்பு மணி ஒன்று வாங்கினேன். பட்டன் அவள் கையில். சத்தம் போடுகிற பெட்டி என்னோடு. நான் அடுப்படிக்குப் போனால் அதுவும் வரும், கொல்லைக்குப் போனால் அதுவும் வரும். பிளக்கில் சொருகுகிற மணி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். இந்தக் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்டை நம்பி நீங்கள் இருப்பீர்களா?

பெட்டிக்கு மூன்று பேட்டரி வேண்டும். பென்சில் கட்டை என்று நாம் சொல்வோமே, அதுதான். கடையில் வாங்கிப் போட்டேன். தீர்ந்தது. மறுபடி வாங்கினேன். மறுபடி தீர்ந்தது.

அப்போதுதான் பார்வதியின் தம்பி முருகன் குடும்பத்தோடு வந்து இறங்கினான். மதுரையில் போலீஸ் வேலை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் தென்காசியைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் சொந்தபந்தம் கூடிவிடும். அக்காவைப் பார்க்க வந்தேன் என்றான். தோளில் துண்டு.

“அத்தான், எதுக்குக் கட்ட வாங்கியே சாவுதீங்க? இந்தா, ரீசார்ஜ் கட்ட. சார்ஜரும் சேத்தே வாங்கியாந்துட்டேன். பிளாட்ஃபாரத்துல சல்லிசா கிடச்சுது. நம்பரப் பாத்தீங்களா, எம்புட்டுப் பெருசுன்னு!”

பார்த்தேன். எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதற்கு ஐயாயிரத்துச் சொச்சம் என்று அட்டையில் போட்டிருந்தது. நம்பர் பெரிதாக இருந்தால் சரக்கும் பெரிதாகத்தானே இருக்கும்? நம்பினேன். கையில் எடுத்தபோது தக்கை மாதிரி இருந்தது. அதைக் கவனித்தேன், யோசிக்கவில்லை.

மூன்று கட்டை மணிக்குள். மாற்றிப் போட இன்னும் மூன்று, சார்ஜ் ஏற்றி வெளியே. சாரல் காலத்தில் எங்கள் ஊர் வீடுகளில் ஈரம் போக வேண்டியதெல்லாம் டிவி செட்டாப் பாக்ஸ் மேல்தான் ஏறும். தீப்பெட்டி, சாக்ஸ், நமத்த சீடைப் பாக்கெட்… ஈரத்தில் கட்டையின் பவர் இறங்கிவிடும் என்று அந்த மூன்றையும் அதன் மேல்தான் வைத்தேன். நல்ல கதகதப்பு. சூட்டில்தான் சார்ஜ் வேகமாக இறங்கும் என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்?

பார்வதி கீழப்பாவூர் விவசாயக் குடும்பத்துப் பெண். எதையும் கரைத்துப் பழக்கமில்லை. மணிக்குள் இருப்பது சார்ஜ் ஏற்றுகிற கட்டை என்று தெரிந்த நாளிலிருந்து பட்டனை அமுக்குவதையே குறைத்துவிட்டாள். தாகம் எடுக்கும், அடிக்கமாட்டாள். சன்னலைச் சாத்த வேண்டும், அடிக்கமாட்டாள். போர்வை நழுவி விழும், அப்போதும் அடிக்கமாட்டாள். மூன்று வேலை சேர்ந்த பிறகுதான் ஒரு அடி.

“சும்மாச் சும்மா அமுக்குனா சார்ஜ் எறங்கிராதா? நீங்களும் எத்தன தடவ எந்திச்சு வருவீங்க?”

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? சமையல், மாத்திரை, துணி காயவில்லை என்கிற கவலை, குளித்துவிட்டு வருகிற விருந்தாளிகளுக்குக் காபி… மனுஷன் அலுத்துப்போயிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முருகன் குடும்பம் ஐந்தருவிக்குப் போயிருந்தது. காபி டம்ளரைக் கழுவப் போனவன், சும்மா எட்டிப் பார்ப்போமே என்று கடைசி அறைக்குப் போனேன்.

கட்டில் காலி.

பாத்ரூம் வாசலில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாக்கர் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் பட்டன். கட்டைவிரல் இன்னும் அதன் மேலேயே இருந்தது.

“அமுக்கிக்கிட்டேதான இருக்கேன்…” என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தூக்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி போய், எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த அந்த நேரம் இருக்கிறதே… என் எதிரிக்கும் வேண்டாம். மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் ரத்தக்கட்டு, அவ்வளவுதான் என்றார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

திரும்பி வந்து முதல் வேலையாக மணியைத் திறந்தேன். மூன்றும் செத்துக் கிடந்தன. செட்டாப் பாக்ஸ் மேலிருந்த மூன்றையும் மாற்றிப் போட்டேன். அவையும் அப்படியே. எப்படி? அவள்தான் அடிக்கவே இல்லையே!

தென்காசியில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவரிடம் போய்க் கோபமாகக் கேட்டேன். அவர் வேறு யாருக்கோ பல்பு போட்டுக் காட்டிக்கொண்டே சொன்னார்:

“அடிச்சாத்தான் எறங்கும்னு யாரு சொன்னா அண்ணாச்சி? அந்தப் பெட்டி எந்நேரமும் காதத் தீட்டிக்கிட்டுல்லா இருக்கு, பட்டன் எப்ப அமுக்குவாங்கன்னு! அதுக்கும் சார்ஜ் வேணும்லா? போதாக்குறைக்கு மட்டக் கட்டையா இருந்தா சார்ஜ் தானா வேற ஒழுகிரும். சாதாக் கட்டயாவது தீரப்போறப்ப முனங்கும், சத்தம் கொறயும். இது கடைசி வர நல்லாருக்கும்… பொசுக்குன்னு நின்னுரும்.”

சும்மா காத்துக்கொண்டிருப்பதற்கே சார்ஜ் செலவாகுமாம். பார்வதி கூப்பிடாத நாட்களில்கூட சாயங்காலமானால் எனக்கு ஏன் அப்படி ஓர் அசதி வருகிறது என்று பல நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். பெட்டிக்கும் எனக்கும் ஒரே வியாதி.

உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் போட்டிருக்கிற பெரிய நம்பரைப் பார்த்து மயங்காதீர்கள். பென்சில் கட்டைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் என்றால் நம்பலாம்; ஐயாயிரம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். ‘வாங்கியதும் அப்படியே போடலாம்’ என்கிற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சும்மா வைத்திருந்தாலும் லேசில் ஒழுகாத ரகம் பெரும்பாலும் அதுதான். கையில் கொஞ்சம் கனம் தெரிய வேண்டும். நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்கிற சார்ஜராக வாங்குங்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் சாதாக் கட்டையே போதும். ரீசார்ஜ் கட்டை, தினமும் உழைக்கிற சாமான்களுக்கு. செட்டாப் பாக்ஸ் மேல் சாக்ஸை மட்டும் காயப் போடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்குவதைவிட இது எவ்வளவோ சிக்கனம். ஆனால் ஒன்று, சிக்கனத்தைக் கட்டை வாங்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மணி அடிப்பதில் காட்டக்கூடாது.

கட்டை வாங்கித் தந்ததற்காக முருகனை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள்தான், “ஏலே, சும்மா இரி. மாமியார் வீட்டு எழவா இது, இப்பிடி அழுதே?” என்று அதட்டினாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன மத்தியானம் புதுக் கட்டைகளை மணியில் போட்டுவிட்டு முன்னறைக்கு வந்தேன். இனிமேல் மூன்று வேலை சேர்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பேனாவைக்கூடத் திறக்கவில்லை, அடித்துவிட்டது. ஓடினேன்.

“தண்ணி வேணுமா?”

“வேண்டாம்.”

“சன்னலச் சாத்தணுமா?”

“வேண்டாங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம். செத்த நேரம் இங்கன சும்மா உக்காருங்க. நின்னுக்கிட்டே பதில் கேட்டுட்டு ஓடுதீங்க.”

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அவள் பட்டனைத் தலையணை மேல் வைத்தாள். கையில் இருந்த பெட்டியை நான் ஆஃப் செய்தேன்.

சார்ஜ் உண்மையிலேயே மிச்சமானது அன்றைக்கு மட்டும்தான்.