பொங்கி வந்த எஞ்சின் ஆயில்

எங்கள் சித்தப்பா உழவு மாட்டு ஜோடியை விற்றுவிட்டுப் படகு வாங்கியபோது ஊரில் பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்றார்கள். மீதிப் பாதி எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களும் அதையேதான் நினைத்தார்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாகூர்ப் பக்கம் கடலில் ஓடிக் களைத்துப்போன மரப்படகு அது. நடுவில் ஒரு டீசல் எஞ்சின், கிழட்டுக் காளை மாதிரி இருமிக்கொண்டே ஓடும். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆறு போய் உப்பங்கழியில் கலக்கிற இடத்தில் இருந்தது. இந்தக் கரையில் வீடுகள். அந்தக் கரையில் நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்த வயல்கள். பாலம் கட்டித் தருகிறோம் என்று சொல்லி ஓட்டு கேட்டவர்கள் எல்லாரும் ஜெயித்தார்கள். பாலம்தான் ஒவ்வொரு எலெக்‌ஷனிலும் தோற்றது. அதனால்தான் சித்தப்பாவுக்குப் படகு யோசனை வந்தது.

மாட்டை விற்ற காசில் வாங்கியதால் எஞ்சினையும் அவர் மாடாகத்தான் வைத்திருந்தார். கிளப்புவதற்கு முன்னால் தட்டிக் கொடுப்பார். மக்கர் செய்தால் அதன் அம்மாவை இழுத்துத் திட்டுவார். "சித்தப்பா, சாணி எப்பப் போடும்?" என்று நான் கேட்பேன். "உன் தலையில போடும்டா" என்பார்.

அந்தத் தைப்பொங்கலுக்கு ஊரே கொஞ்சம் பதற்றத்தில் இருந்தது. அறுத்து அடித்த நெல்லெல்லாம் மூட்டையாக அக்கரைக் களத்தில் கிடந்தது. நிலக்காரரோ, அங்கே குத்தகைக்காரன் என்று எவனுமே கிடையாது, முழுக்கத் தன் சொந்தப் பண்ணை என்று கோர்ட்டில் சொல்லி, நெல்லை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கிவிட்டார். பொங்கல் லீவு முடிந்ததும் ஜப்திக்குக் கோர்ட் அமீனா வருவார். அதற்குள் நெல் இக்கரைக்கு வந்து வீடுகளுக்குள் போய்விட்டால் பிழைத்தோம். இல்லாவிட்டால் ஒரு வருஷத்துச் சோறு போச்சு.

"ஆட்சி நம்மளோடது, அமீனா அவங்களோடது" என்று அப்பா அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

போகிக்குத்தான் கடைசிக் களம் அடித்து முடிந்தது. பொங்கலன்று எவனும் மூட்டை தூக்க மாட்டான். மாட்டுப் பொங்கலன்று ஓட்டலாமே என்றார் அப்பா. சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாட்டுப் பொங்கலும் அதுவுமா எவனாச்சும் மாட்டப் பூட்டுவானாண்ணே?"

ஆகவே அன்று எஞ்சினுக்கு லீவு. லீவு மட்டுமா, எண்ணெய்க் குளியலும். எங்கள் பக்கத்தில் யாரைக் குளிப்பாட்டினாலும் முதலில் எண்ணெய், பிறகுதான் தண்ணீர். சித்தப்பா எஞ்சின் தலையில் இருந்த ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே ஒரு கரண்டி ஆயிலை ஊற்றினார். மூடி தண்ணீருக்குள் விழுந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக மடியில் சொருகிக்கொண்டார். அப்புறம் குடம் குடமாக அபிஷேகம். உப்புத் தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று சித்தி குளத்திலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து, மஞ்சள் கரைத்துக் கொடுத்தாள். குளிப்பாட்டி முடித்து, துடைத்து, மூடியை மாட்டி, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். கொம்புக்குப் பதிலாக இரண்டு பக்கமும் கட்சிக் கலரில் பெயிண்ட். கழுத்து எங்கே என்று தெரியாததால் மாலையைப் புகைக்குழாயில் போட்டார். ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் தாம்பாளம் தட்டி, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம்.

மறுநாள் காணும் பொங்கல். காலையிலேயே துறையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சித்தப்பா எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். கோட்டுக்கு மேலே நான்கு விரற்கடை நனைந்திருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, பொங்கி வந்திருக்கு. ஒரு கரண்டிதான் ஊத்துனேன்."

ஒரு கிழவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார். சித்தப்பா ஹேண்டில் போட்டுச் சுற்றினார். எஞ்சின் கிளம்பியது, இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தது, பிறகு கடகடவென்று பல்லைக் கடித்தது. வயலில் பம்புசெட் எஞ்சின் ஓட்டிப் பழகிய அப்பா ஓடிவந்து நிறுத்தினார். கம்பியை மறுபடியும் உருவினார். கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய ஆயில் பால் தூக்கலாக விட்ட காப்பி மாதிரி இருந்தது.

"பொங்கவுமில்ல ஒண்ணுமில்ல. உள்ள தண்ணி பூந்திருக்கு" என்றார் அப்பா.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. குளிருக்கு ஆயில் உறைந்திருக்கும் என்றார். அப்பா அந்தக் காப்பியை ஒரு கொட்டாங்குச்சியில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டார். சடசடவென்று வெடித்தது. வெறும் எண்ணெய் என்றால் புகையும், தண்ணீர் இருந்தால்தான் வெடிக்கும். தண்ணீர் என்பது நிரூபணமாயிற்று. சித்தி அதற்குச் சொன்னதை எழுத முடியாது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுத் தோசையில் லாரி வாசனை அடித்தது.

இனி, என்ன தண்ணீர் என்று தெரிய வேண்டும். அதில்தான் எல்லாம் இருந்தது. ஓடும்போது சூடு ஆறுவதற்காக எஞ்சின் உப்பங்கழித் தண்ணீரை உறிஞ்சித் துப்பும். உள்ளே எங்கேயாவது வெடிப்பு விட்டிருந்தால் புகுந்தது உப்புத் தண்ணீராக இருக்கும். அப்படியென்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், நெல் போச்சு. நல்ல தண்ணீர் என்றால் வெளியிலிருந்து வந்தது. வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் ஓடிவிடும்.

அப்பா ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்துச் சுடுதண்ணீர் அண்டாவில் நிறுத்தி வைத்தார். வெகு நேரம் கழித்து அடியில் கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நின்றது. பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு துறைக்கு வந்தார். விரலை லேசாக விலக்க, முதலில் தண்ணீர் சொட்டியது. நாக்கில் விட்டுப் பார்த்தார். மொத்தத் துறையும் அப்பாவின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உப்பு இல்ல" என்று காறித் துப்பினார்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். சித்தப்பா மட்டும் விடவில்லை. "அப்ப எவனோ ஊத்தியிருக்கான்" என்று சொல்லிப் புங்கமரத்தடியைப் பார்த்தார்.

அங்கே நிலக்காரரின் காரியக்காரர் உட்கார்ந்திருந்தார். எந்த மூட்டை எப்போது போகிறது என்று பார்ப்பதற்காகவே நிலக்காரர் அவரை அங்கே நட்டு வைத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். மடியில் வெற்றிலைப் பெட்டி. வாய் ஓயாமல் மென்றுகொண்டிருக்கும்.

சித்தப்பா போய் அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்தார். "காரியக்காரரே, எஞ்சின்ல தண்ணி ஊத்தச் சொல்லி எவ்வளவு குடுத்தாரு உங்க முதலாளி?"

"துண்ட விடுப்பா. என் வேட்டியில ஒரு சொட்டு ஆயிலு இருக்கா பாரு."

"வேட்டிய அவுத்துட்டு வந்து ஊத்தியிருப்பீங்க."

"இந்த வயசுலயா" என்றார் அவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆனால் படகுக் கழியோடு நின்றவர்கள் சிரிக்கவில்லை. ஒரு அடி விழுந்திருந்தால் போலீஸ் வந்திருக்கும், நெல் அங்கேயே கிடந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் தோசைக்கல் கோபம் தீராத சித்தி கரைக்கு வந்தாள். அப்பா கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மிச்சத் தண்ணீரை உள்ளங்கையில் சொட்டவிட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, இது மஞ்சளா இருக்கே?"

"துரு" என்றார் சித்தப்பா.

"துருவா, மஞ்சத்தூளா?"

"துருன்னு சொல்றேன்ல."

சித்தி அவரை விட்டுத் திரும்பினாள். நேரே காரியக்காரரிடம் போய், "அந்தச் சுண்ணாம்பு டப்பாவ இப்படிக் குடுங்க" என்றாள். விரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு உள்ளங்கைத் தண்ணீரில் குழைத்தாள். மஞ்சள் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது, கல்யாண வீட்டு ஆரத்தி மாதிரி. துரு எத்தனை சுண்ணாம்பு போட்டாலும் சிவக்காது. அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"நான் கரைச்ச மஞ்சத் தண்ணிதான். மாடு வாயத் தொறந்து வச்சுக்கிட்டா குளிச்சிச்சு?"

சித்தப்பாவின் கை அவரறியாமல் மடியைத் தடவியது. நேற்று ஆயில் மூடி இருந்த இடம் அது. துண்டை விட்டார். விட்டவர் அதைச் சும்மா விடாமல் காரியக்காரர் தோளில் மடிப்புக் கலையாமல் போட்டு நீவியும் விட்டார்.

"ஆரத்தி கரைச்சாச்சு. எடுத்துட்டு அனுப்புங்கம்மா, வீட்டுக்குப் போறேன்" என்றார் காரியக்காரர்.

ஆனால் தொல்லை தீரவில்லை. ஆயிலை வடித்து, டீசல் விட்டு அலசியாயிற்று. புது ஆயிலுக்கு எங்கே போவது? திருத்துறைப்பூண்டியில் கடை ஒன்றும் திறந்திருக்காது. சுற்றுவட்டாரத்தில் ஆயில் இருந்த ஒரே இடம் நிலக்காரரின் டிராக்டர் கொட்டகை. சாவி காரியக்காரர் இடுப்பில். இப்போதுதான் துண்டைப் பிடித்து இழுத்த மனிதரிடம் எந்த முகத்தோடு கேட்பது? சித்தப்பா எஞ்சினைப் பார்த்தார், எஞ்சின் அவரைப் பார்த்தது.

யாரும் கேட்கவில்லை. காரியக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு டின்னோடு திரும்பி வந்தார்.

"ஊத்துங்கப்பா. மூடியப் போட்டுட்டுக் குளிப்பாட்டுங்க" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் அக்கரையில கொஞ்சம் சோலி இருக்கு" என்றார்.

எஞ்சின் கிளம்பியது. பொழுது சாய்வதற்குள் களம் துடைத்துவிட்டது போல் ஆயிற்று. கடைசி நடையில் நானும் படகில் இருந்தேன். சலவை நீலத்தால் கோடு போட்ட மூட்டைகள் கொஞ்சம் அதில் வந்தன. எங்கள் துறையில் அவற்றை இறக்கவில்லை. சற்றுத் தள்ளி, காரியக்காரர் வீட்டுக் கொல்லைப் பக்கமாகப் படகை ஒட்டி இறக்கினார்கள்.

"அது யாரு நெல்லு சித்தப்பா?"

"பேசாம குந்துடா."

வீட்டில் சித்தி அம்மாவிடம் குசுகுசுத்தாள்: "காரியக்காரரு மச்சினன் பேர்ல ஒரு துண்டு குத்தகை வச்சிருந்தாராம். முதலாளிக்கே தெரியாதாம்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் அமீனா வந்தார். அக்கரைக்குப் போக வேறு வழி இல்லாததால் சித்தப்பாதான் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நாங்களும் தொற்றிக்கொண்டோம். முன்னால் நடந்த காரியக்காரர் வெறும் களத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களாய்யா? ஒரு மணி விடாம அள்ளிட்டுப் போயிருக்கானுவ. யாரு எவன்னு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

எனக்குத் திக்கென்றது. முந்தாநாள்கூட இல்லை, நேற்றுத்தானே அவர் மூட்டையும் எங்கள் படகில் வந்தது? எடுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சித்தி ஒரு துண்டுக் கரும்பை அதில் திணித்துவிட்டாள். சிரிக்காமலும் பேசாமலும் நின்றிருந்த பெரியவர்கள் மேல் எனக்குக் கோபமாக வந்தது. ஆபத்துக்கு ஆயில் கொடுத்த மனிதர், பாவம், வயதாகி ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறார். வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று ஒருத்தருக்காவது தோன்றுகிறதா?