வெயிலில் காய்ந்த தர்பார் கோட்டு

மைசூர் மண்டி மொஹல்லாத் தையற்காரர் லூர்துராஜுக்குக் கத்தரி பிடிக்கக் கை உண்டு. கூலி கேட்க வாய்தான் கிடையாது. "பரவாயில்லீங்க, மெதுவாக் குடுங்க" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வியாபாரப் பேச்சு. கடைச் சுவரில் மூன்று தர்பார் கோட்டுகள் இரண்டு வருஷமாகக் கேட்பாரற்றுத் தொங்கியதற்கு அந்த வாய்தான் காரணம் என்பது மனைவி மரியபுஷ்பத்தின் தீர்ப்பு.

தசரா தர்பாருக்கு அழைப்பு வந்தவர்கள் நீளக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாகத்தான் அரண்மனைக்குள் போகலாம். அழைப்பு வரும் என்ற நம்பிக்கையிலேயே கோட்டுக்கு அளவு கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. வராமல் போனால் கோட்டை வாங்க வரமாட்டார்கள். அந்தத் தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். கொள்ளேகாலிலிருந்து வந்து மைசூரில் குமாஸ்தா வேலை பார்த்த சென்னப்பன் அப்படித்தான் செய்தார். லூர்துராஜ் கண்ணில் படாமல் ஆபீசுக்குப் போக, தினமும் அரை மைல் சுற்றினார்.

கோட்டுத் துணியோ லூர்துராஜ் தன் பேரில் கடனாக எடுத்தது. ஜவுளிக்கடை லிங்கப்பன் இந்தத் தசராவோடு பொறுமை இழந்துவிட்டார். விஜயதசமிக்குள் பணம் வராவிட்டால் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று நேரிலேயே வந்து சொன்னார். மெஷின் போனால் பிழைப்பே போன மாதிரிதான்.

"மூணையும் வித்துத் தொலைங்களேன்" என்றாள் மரியபுஷ்பம்.

"ஒருத்தர் உடம்புக்கு வெட்டினதை இன்னொருத்தருக்கு எப்படி மாட்டுறது? வருவாங்க, இரு."

"வருவாங்க, வருவாங்க. இப்போதைக்குப் பூஞ்சைதான் வந்திருக்கு."

அது உண்மை. ஒரு வார மழையில் கோட்டுகள் வெள்ளை பூத்திருந்தன. தசராவின் எட்டாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்ததும், லூர்துராஜ் வாசலில் கொடி கட்டி அவற்றை உலர்த்தினார். மாறிப்போகக் கூடாதென்று வழக்கம்போலப் பெயர்ச் சீட்டையும் ஒவ்வொன்றிலும் குத்தினார். இதில் சூது எதுவும் இல்லை. சூது தெரிந்த ஆளாக இருந்தால் போன வருஷமே செய்திருக்க மாட்டாரா?

தெருவில் போனவர்கள் சீட்டைப் படித்தார்கள். தசரா நேரத்தில் தர்பார் கோட்டு வெயிலில் காய்ந்தால், மைசூரில் அதற்கு ஒரே அர்த்தம்: அரண்மனை அழைப்பு வந்துவிட்டது! மத்தியானத்துக்குள் சென்னப்பனின் சம்பந்தி தேங்காய் பழத்தோடு வந்து இறங்கிவிட்டார். சென்னப்பனின் மனைவி கௌரம்மா அக்கம்பக்கம் முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் சென்னப்பன் கடைக்குள் மூச்சிரைக்க நுழைந்தார். "ஏனுங்க, என்ற மானத்தக் கொண்டாந்து கொடியில போட்டுட்டீங்களே!"

"ஐயோ, பூஞ்சை பிடிச்சிருந்துதுங்க, அதான்..."

சென்னப்பன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அழைப்பு வரலீங்க. ரெண்டு வருசமா வரலீங்க. வூட்டுல இத எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

 அந்த மனிதர் நடந்த அரை மைலும் கூலிக்குப் பயந்து மட்டும் நடந்ததல்ல என்பது லூர்துராஜுக்கு அப்போதுதான் புரிந்தது. "முதல்ல போட்டுப் பாருங்க" என்று கோட்டை நீட்டினார்.

பொத்தானும் காஜாவும் நான்கு விரல் தள்ளி நின்றன. இரண்டு வருஷத்தில் தொப்பை சும்மா இருக்குமா?

"உள்ளே தாராளமாத் துணி விட்டு வச்சிருக்கேன், பிரிச்சுத் தச்சுத் தர்றேன். நீங்க ருசியாச் சாப்பிடுற ஆளுன்னு அளவெடுக்கிறப்பவே தெரியுமே!"

சென்னப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தர்பாருக்குப் போகத்தான் அழைப்பு வேணும். விஜயதசமி யானை ஊர்வலம் பாக்க ரோட்டுல நிக்க யார் அழைப்பு வேணும்? வீட்டுல உள்ளதைச் சொல்லிடுங்க. கோட்டை மாட்டிக்கிட்டு வீட்டம்மாவோட வாங்க."

சென்னப்பன் கூலியும் துணிக்காசும் மொத்தமாக எண்ணி மெஷின்மேல் வைத்தார். தங்கள் பெயரும் கொடியில் காய்கிற சேதி கேட்டு, மற்ற இருவரும் மறுநாள் விடிந்ததும் பணத்தோடு ஓடிவந்தார்கள். லிங்கப்பன் கடன் அடைந்தது, மெஷின் அசையவில்லை. மரியபுஷ்பம் அன்று பாயசம் வைத்தாள்.

விஜயதசமியன்று ரோட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அதில் சென்னப்பனின் தர்பார் கோட்டைக் கண்ட போலீஸ்காரர் யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து, "முந்தே பன்னி ஸ்வாமி" என்று கன்னடத்தில் முன்னே வரச்சொல்லி, கயிற்றைத் தூக்கி வழிவிட்டார். உண்மை தெரிந்த கௌரம்மா சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டாள். சென்னப்பன் லூர்துராஜையும் மரியபுஷ்பத்தையும் கையோடு முன்வரிசைக்கு இழுத்துப் போனார். ஊரே யானையைப் பார்த்தது. லூர்துராஜ் அக்குள் தையலைப் பார்த்தார். நன்றாகவே நின்றது.

யானை போனதும் போலீஸ்காரர் கோட்டுக் கையைத் தடவிப் பார்த்து, யார் தைத்தது என்று அரைகுறைத் தமிழில் விசாரித்தார். "தம்பி கல்யாணத்துக்கு இதே மாதிரி ஒண்ணு பேக்கு... வேணும். காசு அப்புறம் தர்றேன்."

லூர்துராஜின் வாய் பழக்கப்படி "பர..." என்று திறந்தது. அதற்குள் சென்னப்பன் குறுக்கே புகுந்தார்.

"மொதல்ல துணிக்காசக் குடுங்க, அப்புறம் அளவு குடுங்க. இவருகிட்டக் கடன் வெச்சா அரை மைல் சுத்தி நடக்கோணும். நான் ரெண்டு வருசம் நடந்தவனுங்க!"