ஆறு கொம்யூனுக்கு ஒரு பெட்டி

வடிவாம்பாளின் வேலை ஆஸ்பத்திரியில் வெந்நீர் போடுவது. சுரக்குடிக்காரர். கணவர் சுப்ராயன் அதே ஆஸ்பத்திரியில் கிணற்று நீர் இறைப்பவர். அவர் இறைக்க, இவர் கொதிக்க வைக்க, குடும்பம் தண்ணீரிலேயே ஓடியது.

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போன மறு வருஷம், 1955இல், காரைக்காலிலிருந்த அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒரு பெட்டி இருந்தது. மரச்சட்டம், கண்ணாடி மூடி, அடித்தட்டில் ஐந்து வெந்நீர்ப் புட்டிகள். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையை உள்ளே படுக்க வைத்து, புட்டிகளை ஆறவிடாமல் மாற்றிக்கொண்டே இருந்தால், தாயின் வயிற்றில் விட்டுவந்த சூட்டில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். பெரிய டாக்டர் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் சொல்வார். வடிவாம்பாள் பெட்டி என்பார். குழந்தைகள் இரண்டு பெயருக்குமே ஆட்சேபம் சொன்னதில்லை.

ஆட்சேபம் சொன்னவர்கள் பெரியவர்கள். காரைக்காலில் ஆறு கொம்யூன்கள், பெட்டி ஒன்று. ஆறு ஊராட்சிகளும் ஆளுக்கொரு பெட்டி கேட்டு மனுப் போட்டன. மேலிடத்திலிருந்து பதில் வந்தது: இருப்பதைச் சமமாகப் பங்கிடவும். கூட்டம் போட்டுப் பங்கிட்டார்கள். திங்கள் திருநள்ளாறு, செவ்வாய் நிரவி, புதன் கோட்டுச்சேரி, வியாழன் திருமலைராயன்பட்டினம், வெள்ளி காரைக்கால், சனி நெடுங்காடு. காலை எட்டு மணிக்குக் கைமாற்றம். ஞாயிறு, பெட்டியைத் துடைக்க. எல்லோரும் திருப்தியாகக் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மாசி மாதம் சுரக்குடி நீலாயதாட்சிக்கு ஏழாம் மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. சுரக்குடி திருநள்ளாற்றைச் சேர்ந்தது. அன்று திங்கள் என்பதால் குழந்தைக்குப் பெட்டி கிடைத்தது. மறுநாள் எட்டு மணிக்கு எடுத்துப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். செவ்வாயன்று நிரவியில் எந்தக் குழந்தையும் அவசரப்பட்டுப் பிறக்கவில்லை. பெட்டி காலியாக நிரவிக்காகக் காத்திருந்தது. நீலாயதாட்சியின் பிள்ளை சாயங்காலம்வரைதான் காத்திருந்தான். காலிப் பெட்டிக்கு வடிவாம்பாள் அன்று முழுவதும் புட்டி மாற்றினார். மாற்றக் கூடாதென்று விதியில் இல்லை.

அதற்கடுத்த வருஷம் ஆடியில், ஒரு வியாழக்கிழமை, திருமலைராயன்பட்டினத்து ஆஸியா பீவிக்குப் பெண் பிறந்தது. ஒன்றேகால் கிலோ. பட்டினத்துக்கு உரிய நாளில் பிறந்ததால் முதல் நாள் பிரச்சினை இல்லை. குழந்தையின் தகப்பன் காஜா மைதீன் கண்ணாடிக்கு வெளியே நின்று ஓதிக்கொண்டிருந்தார். வடிவாம்பாள் வேறொன்றை விசாரித்தார்.

"தம்பி, உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"காரைக்காலுங்க. கல்யாணம் ஆனதுலேருந்து பட்டினத்துல இருக்கேன். எங்கள்ல மாப்புள்ளதான் பொண்ணு வூட்டுக்குப் போறது."

"அப்ப வெள்ளிக்கிழமை ஆச்சு. அண்ணன் தம்பி இருக்காங்களா?"

"மூணு பேரு."

"அவங்களும் பொண்ணு வூட்டுலதானா?"

ஒருவர் நெடுங்காட்டில், ஒருவர் திருநள்ளாற்றைச் சேர்ந்த அம்பகரத்தூரில், ஒருவர் நிரவியில். சனி, திங்கள், செவ்வாய். வடிவாம்பாள் விரலை மடக்கினார். "எங்கள்ல பொண்ண அனுப்புவோம், உங்கள்ல மாப்புள்ளய அனுப்புறீங்க. ஆளு பரவியிருந்தா சரி."

பங்கீட்டு ரிஜிஸ்தர் குமாஸ்தா சிதம்பரநாதனிடம் இருந்தது. கெட்டவர் அல்ல, விதியை முழுக்கப் படித்தவர், அவ்வளவுதான். விதியில் 'அந்தந்தக் கொம்யூன் குடும்பத்துக் குழந்தை' என்று இருந்தது. குடும்பம் எதுவரை என்று இல்லை.

"சாச்சா வீடு குடும்பமா?" என்று கேட்டார்.

"உங்க சித்தப்பா வூட்டுக்குப் போயி, நான் குடும்பம் இல்லன்னு சொல்லிப் பாருங்க ஐயா."

சித்தப்பாவை நினைத்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

இப்படியாகக் குழந்தை, பெட்டியை விட்டு நகராமல் ஊர் ஊராகப் போனது. ஞாயிறன்று துடைத்தார்கள், வடிவாம்பாள் குழந்தை இருக்கும் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தார்.

செவ்வாய் மதியம் இடித்தது. மறுநாள் கோட்டுச்சேரி. இரண்டு பக்கத்திலும் அந்த ஊரில் யாரும் பெண் கட்டவில்லை. போதாததற்கு ஆஸியா பீவிக்குக் காய்ச்சல், பாலும் நின்றது. பக்கத்துக் கட்டில் அமீர் நிஷா, மூன்று நாள் முன்பு மகனைப் பெற்றவர், கேட்காமலே பாலைப் பீச்சிக் கொடுத்தார். கண்ணுக்கு மருந்து விடுகிற குழாயால் வடிவாம்பாள் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்.

அமீர் நிஷா சொன்னார்: "ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன் ஆஸியா. எம் பால குடிச்சுட்டா, எம் மவனுக்கு இவள கட்ட முடியாது. அண்ணன் தங்கச்சியாயிடும்."

"மூணு நாளுப் புள்ளைக்கு அதுக்குள்ள பொண்ணு பாத்துட்டீங்களா லாத்தா?"

"கேட்டு வைக்கிறதுல என்ன."

வடிவாம்பாளின் கை நின்றது. "நீங்க எந்த ஊரும்மா?"

"கோட்டுச்சேரி."

"பால் குடுத்தா நெசமாவே தாயா?"

"பால் தாய். ஆனா ஒரு தடவ போதாது. அஞ்சு தடவ குடிக்கணும்னு எங்க பள்ளிவாசல் லெப்பை சொல்வாரு."

சாயங்காலத்துக்குள் மூன்று ஆனது. பிறகு அமீர் நிஷாவுக்கு மார் கட்டிக்கொண்டது. வெந்நீர் ஒத்தடம் வடிவாம்பாளின் இலாகா. விடிந்து ஆறு மணிக்கு நான்காவது. ஐந்தாவதற்குக் குழந்தை வாயைத் திறக்கவில்லை. ஏழு, ஏழரை. சிதம்பரநாதன் ரிஜிஸ்தரோடு வந்து வாசலில் நின்றார். வடிவாம்பாள் திரும்பிப் பார்க்காமல் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தார். எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அழ வாயைத் திறந்தது. சொட்டு உள்ளே போனது, விழுங்கியது. வயிறு கொண்டமட்டும் குடித்துத் தானே வாயை மூடிக்கொண்டது.

"கோட்டுச்சேரிங்க ஐயா. தாய் வூடு."

விளக்கத்தைக் கேட்டுவிட்டுச் சிதம்பரநாதன் ரிஜிஸ்தரைத் திறந்தார். "இந்த உறவு கல்யாணத்தத் தடுக்குமா?"

"தடுக்கும்," என்றார் அமீர் நிஷா வருத்தமாக.

"கல்யாணத்தையே தடுக்கிற உறவுன்னா, பெட்டிக்குப் போதும்." எழுதினார். மணி அடித்தது.

ஜன்னத்துல் பிர்தௌஸ் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தக் குழந்தை ஏழு வாரம் பெட்டியில் இருந்து, இரண்டு கிலோ சொச்சத்தோடு பட்டினம் போனது. வழியனுப்பக் கோட்டுச்சேரியிலிருந்தும் ஒரு தாய் வந்திருந்தார்.

அதே வாரம் மேலிடத்துக் கடிதமும் வந்தது. ரிஜிஸ்தரைப் பரிசீலித்ததில், ஆறு கொம்யூன்களுக்கும் பெட்டி ஒன்றுபோல் பயன்பட்டிருப்பது தெரிகிறது, பங்கீடு பாராட்டத்தக்கது, ஆகவே இரண்டாவது பெட்டிக்கு அவசியம் எழவில்லை.

சிதம்பரநாதன் அதைத் தமிழில் சொன்னார். வடிவாம்பாள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுப் பாராட்டுக்கு நன்றி தெரிவிக்காமல் வார்டுக்குப் போனார்.

அங்கே சுரக்குடியிலிருந்து நீலாயதாட்சி வந்திருந்தார். மறுபடி ஏழாம் மாதம், மறுபடி வலி, மறுபடி திங்கள். வடிவாம்பாள் முதலில் அடுப்பில் அண்டாவை ஏற்றினார். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தாயீ, ஒன் வூட்டுக்காரருக்கு நிரவியில யாராச்சும் இருக்காங்களா?"