அப்பா பக்கத்து நாற்காலி

ஹிஸ்கேக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே வேலைதான். அப்பா டௌவேக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. ஃப்ரீஸ்லாந்தில் அவர்கள் இருந்த சின்ன ஊரில் வங்கிக்காரர், வீட்டுச் சொந்தக்காரர், கறிக்கடைக்காரர் என்று யார் வாயைத் திறந்தாலும் இந்தப் பெண்தான் சைகையாக்கிச் சொல்ல வேண்டும். அம்மா போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னதுகூட பன்னிரண்டு வயது ஹிஸ்கேயிடம்தான். அதை அப்பாவிடம் கையால் சொல்லி முடித்த பிறகுதான் அவளால் அழ முடிந்தது. அந்த டாக்டரை என்னவென்று சொல்வது!

இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். பகலெல்லாம் சீஸ் ஆலையில் நின்றபடி வேலை. அதற்கு மேல் அப்பாவின் தபால், அப்பாவின் போன், அப்பாவின் டாக்டர்கள். முறைப்படி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கேட்டால் ஆள் இல்லை என்று பதில் வரும். அலுத்துப் போயிருந்தாள். அப்பா மேல் பாசம் இல்லாமல் இல்லை, உடம்பில்தான் தெம்பு இல்லை.

அதனால், ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, டாக்டர் பேசப் பேசத் திரையில் ஒரு பொம்மைப் பெண் சைகை காட்டுவாள் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது. அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி வலது பாதம் கறுத்திருந்தது. இந்த ஒரு முறையாவது வெறும் மகளாகப் போய் உட்காரலாம்.

மொழிபெயர்ப்பவர் டாக்டர் பக்கம்தான் உட்கார வேண்டும், இருவர் முகமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமே. வாழ்நாளெல்லாம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் அன்று அப்பா பக்கம் நாற்காலியைப் போட்டாள். டாக்டரம்மா டெர்ப்ஸ்ட்ரா பேச ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மருந்துக்குக் கேக்கல, டௌவே. பாதத்த எடுத்தாத்தான் காலக் காப்பாத்த முடியும். புரியுதா?"

ஹிஸ்கேயின் காதில் அது விழுந்தது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. மெஷின் சொல்லட்டும்.

"அடுத்த வாரமே பண்ணிடலாம். சம்மதமா?" கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப நல்லது, சம்மதிச்சுட்டார்!"

ஹிஸ்கே கண்ணைத் திறந்தாள். அப்பா சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியாததா? அவர் படித்த காது கேளாதோர் பள்ளியில் சைகை காட்டினால் அடி. வாத்தியாரின் வாயைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும், புரியாவிட்டால் தலையாட்டிச் சமாளிக்க வேண்டும். காது கேட்கிறவர்கள் முன்னால் அவருக்கு அது ஊறிப்போன பழக்கம். திரையில் பொம்மை அவர் பார்க்கிறாரா என்றுகூடக் கவனிக்காமல் மடமடவென்று கையை வீசிக்கொண்டிருந்தது.

பேசாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டாக்டர் சொல்லியாயிற்று, மெஷின் சொல்லியாயிற்று, அவரும் தலையாட்டியாயிற்று. அப்படித் தோன்றியதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவின் முழங்காலைத் தட்டித் தன் பக்கம் திருப்பிச் சைகையில் சொன்னாள்.

"அப்பா, பாதத்த எடுக்கப் போறாங்க. நீ சரின்னுட்ட."

டௌவேயின் தலை நின்றது. காலைக் குனிந்து பார்த்தார்.

"புரியலன்னா நிறுத்தச் சொல்றதுக்கென்ன? நான் இங்கதானே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்!" அவள் கைகள் கோபத்தில் படபடத்தன.

அவர் கைகள் மெதுவாக எழுந்தன. "நீ கண்ண மூடிட்டு இருந்த. டாக்டர் ரூம்ல நீ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல. எழுப்ப மனசு வரலம்மா."

டெர்ப்ஸ்ட்ரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்றார்?"

அடுத்தவர் பேச்சையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லியே வளர்ந்தவள், இதை மட்டும் சொல்லவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க டாக்டர்," என்றாள். "மெதுவா. நான் கையால சொல்றேன். அவருக்குக் கேள்வி கேக்கிறதுக்கு நிறைய இருக்கும்."